நாலாயிரம் ரூபாய்க்கு ஒரு 'புது' கார்!

போர்டிகோவிலோ, வேப்ப மரத்தடியிலோ, சந்து முனையில் பாதி உடம்பை ரோட்டுக்கு நீட்டிக்கிட்டோ ஒரு பழைய கார் நிற்கிற வீட்டுப் பிள்ளைகளா நீங்க? அப்போ இந்த வார 'ஸ்பேனர் பக்கம்' உங்களுக்குத்தான் பாஸ்!

போன வாரம் ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பாருக்கு க்யூவில் நின்ன நாலு பேர்கிட்ட ஒரு கேள்வி கேட்டேன். "வீட்ல ஒரு பழைய கார் இருக்கு. கையில நாலாயிரம் ரூபா இருக்கு. என்ன மச்சி பண்ணுவ?"

"கீழே நீலக் கலர் எல்.இ.டி. ஸ்டிரிப்" என்றான் மெக்கானிக்கல். "சைலன்ஸர் மாத்தணும். வர்றது தெருவுக்கே தெரியணும்ல!" என்றான் சிவில். "டிக்கியில ஸ்பாய்லர்" என்றாள் ஈ.சி.ஈ. "ஏர் ஹாரன்!" என்று பாதி தோசையோடு கத்தினான் என் ரூம்மேட்.

நாலும் சூப்பர் ஐடியாதான். ஆனால் கவனிச்சீங்களா? நாலுமே காருக்கு வெளியே நிற்கிறவங்களுக்காக. உள்ளே உட்கார்ந்து போறவங்களுக்கு அந்த நாலாயிரத்துல ஒரு ரூபாய் கூடப் போகலை!

இந்த வாரம் கதையைத் திருப்பிப் போடுவோம். காசு முழுக்க உள்ளே இருக்கிறவங்களுக்கு. ரூல் ஒண்ணே ஒண்ணு: பழைய காரில் புதுசா எதையும் சேர்க்கிறதுக்கு முன்னாடி, அது தொலைச்சதை எல்லாம் திரும்ப வாங்கிக் கொடுக்கணும்.

நம்ம ஹீரோ

உதாரணத்துக்கு நான் எடுத்துக்கிட்ட வண்டி மாருதி 800. இந்தியாவில் பழைய கார்னா முதலில் ஞாபகத்துக்கு வர்ற முகம். 1983 டிசம்பர் 14-ம் தேதி முதல் வண்டியின் சாவியை அப்போதைய பிரதமர் இந்திரா காந்தி கையால் டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங் வாங்கினார். அன்னைக்கு விலை சுமார் ஐம்பதாயிரம் ரூபாய். 2014 ஜனவரியில் தயாரிப்பை நிறுத்தினாங்க. நடுவில் 30 வருஷம். உள்நாட்டில் மட்டும் 25 லட்சத்துக்கும் மேல வித்த வண்டி.

796 சி.சி., மூணு சிலிண்டர். பானெட்டைத் திறந்தா எது எங்கே இருக்குன்னு கண்ணுக்குத் தெரியும். கையும் உள்ளே போகும்! பிளாஸ்டிக் மூடி போட்டு மறைச்ச சமாசாரமே கிடையாது. ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காத ஊர் இல்லை. கத்துக்கறதுக்கு இதைவிட நல்ல லேப் எந்த காலேஜிலும் இல்லைன்னு நான் சத்தியம் பண்ணுவேன்.

எங்க வீட்டில் இருக்கிறது 1999 மாடல், கார்புரேட்டர் வண்டி. 15 வருஷம் முடிஞ்சதும் எஃப்.சி. காட்டி, அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவைன்னு இதுவரை மூணு முறை பதிவைப் புதுப்பிச்சாச்சு. ஊர் முசிறி பக்கம். பாட்டிக்கு வாரம் ரெண்டு தடவை திருச்சியில் டயாலிசிஸ். கூட்டிட்டுப் போறது அப்பா. முடிஞ்சு கிளம்பும்போது பெரும்பாலும் இருட்டிடும். காவிரியை ஒட்டி வர்ற ரோடு. எதிரில் ஹைபீமில் லாரி. முன்னாடி டெயில் லைட் இல்லாத டிராக்டரில் வாழைத்தார். அப்பாவுக்கு வயசு 54. "ராத்திரில ஒண்ணும் சரியாத் தெரிய மாட்டேங்குதுடா" என்று அவர் சொன்ன அன்னைக்குத்தான் இந்த லிஸ்ட் பிறந்தது. வண்டியை வித்தா ஒரு பைக்குக்கு முன்பணம் தேறும். புது கார் எடுக்கலாம்னா, என் செமஸ்டர் ஃபீஸே இன்னும் ரெண்டு வருஷத்துக்கு வரிசையில் நிக்குது!

அதனால முடிவு: இருக்கிற வண்டியைச் சரி பண்ணணும். அதுவும் இந்த ஆர்டரில் — முதலில் கண்ணு தெரியணும், அப்புறம் வண்டி நிக்கணும், அதுக்கப்புறம்தான் சொகுசு.

1. தூங்குமூஞ்சி ஹெட்லைட்டை எழுப்புங்க

லைட் டிம்மா இருந்தா எல்லாரும் செய்யுற முதல் வேலை, பல்பை மாத்துறது. கொஞ்சம் பொறுங்க. முதல் வேலை ஒரு மல்ட்டிமீட்டர் வாங்குறது. சென்னைப் பசங்கன்னா ரிச்சி ஸ்ட்ரீட், மத்தவங்க ஊர் எலெக்ட்ரானிக்ஸ் கடை. 350 ரூபாய் மீட்டரே போதும்.

எங்க வண்டியில் இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட். அதே நேரம் எரிஞ்சுக்கிட்டிருக்கிற ஹெட்லைட் பல்பின் பின்னில் 11.6 வோல்ட். மீதி 2.3 வோல்ட் எங்கே போச்சு? வழியிலேயே சாப்பிட்டுட்டாங்க! பேட்டரியிலிருந்து கிளம்புற கரன்ட் ஃபியூஸ் பாக்ஸ் போய், ஸ்டியரிங் பக்கத்து சுவிட்சுக்குள்ள நுழைஞ்சு, மெல்லிசு வயரில் திரும்ப முன்னாடி வரணும். இருபது வருஷத்துக்கு மேல ஆன சுவிட்ச், பச்சை பூத்த கனெக்டர்... ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ், கொஞ்சம் டிராப். ஃபர்ஸ்ட் இயரில் படிச்ச ஓம்ஸ் லாதான், வேற ஒண்ணுமில்லை.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கு. ஹாலோஜன் பல்பின் வெளிச்சம் வோல்டேஜுக்கு நேர் விகிதத்தில் குறையாது. ஏறத்தாழ வோல்டேஜின் 3.4-வது அடுக்குக்கு ஏத்த மாதிரி விழும். அதாவது வோல்டேஜ் 10 சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் சுமார் 30 சதவீதம் காலி! எங்க வண்டி கணக்கைக் கால்குலேட்டரில் தட்டினேன். பல்புக்குக் கிடைக்க வேண்டிய வெளிச்சத்தில் பாதியைவிடச் சொச்சம்தான் கிடைச்சுக்கிட்டிருந்தது. பாவம், தப்பு அப்பா கண்ணுல இல்லை!

மருந்து: ரிலே. ஹெட்லைட் கரன்டை சுவிட்ச் வழியா அனுப்பாம, பேட்டரியிலிருந்து நேரா தடிமனான வயரில் பல்புக்கு அனுப்பணும். சுவிட்சுக்கு இனிமே ஒரே வேலை, ரிலேவுக்குக் கண்ணடிக்கிறது. லோ பீமுக்கு ஒண்ணு, ஹை பீமுக்கு ஒண்ணுன்னு ரெண்டு 30 ஆம்பியர் ரிலே. ரிலே அடியில் நம்பர் அச்சடிச்சிருக்கும். 30-ல் பேட்டரி பிளஸ், 87-ல் பல்ப், 85-லயும் 86-லயும் பழைய ஹெட்லைட் கனெக்டரில் இருந்து வர்ற சிக்னல். 2.5 ஸ்கொயர் எம்.எம். வயர். பேட்டரி பக்கத்திலேயே ஒவ்வொரு ரிலேவுக்கும் 15 ஆம்பியர் ஃபியூஸ். ரெண்டு 60 வாட் பல்ப்னா 120 வாட். 12-ஆல் வகுத்தா 10 ஆம்பியர். அதனாலதான் 15.

ஒரு எச்சரிக்கை. சில வண்டிகளில் சுவிட்ச் பிளஸ் பக்கம் இருக்கும், சிலதில் எர்த் பக்கம் இருக்கும். வயரை வெட்டுறதுக்கு முன்னாடி மீட்டர் வெச்சு எந்தப் பின் காமன்னு பார்த்துக்கோங்க. இந்தத் தலைவலியே வேண்டாம்னா, ரெடிமேடா ஹெச்4 ரிலே வயரிங் கிட் விக்கிறாங்க. வெட்டுறது ஒட்டுறது இல்லை, சொருகினா முடிஞ்சது. நான் அதைத்தான் மாட்டினேன். கூடவே, கம்பெனி போட்ட அதே 60/55 வாட்டில் புது பல்ப் ஒரு ஜோடி. திரும்ப அளந்தா 13.5 வோல்ட்! வெளிச்சம் முன்ன இருந்ததைவிட ஒண்ணரை மடங்குக்கும் மேல.

வேலை இன்னும் முடியலை. லைட் எங்கே பார்க்குதுன்னு செட் பண்ணணும். சமதரையில் சுவருக்கு நேரா அஞ்சு மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்க. லைட்டின் நடு உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறிச்சுக்கோங்க. லோ பீமின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு அஞ்சு சென்டிமீட்டர் கீழே விழணும். பின் சீட்டில் ரெண்டு நண்பர்களை உட்கார வெச்சுச் செட் பண்ணா இன்னும் நல்லது. பின்னாடி எடை ஏறினா வண்டி மூக்கைத் தூக்கிக்கும், லைட்டு எதிரே வர்றவர் கண்ணுக்குப் போகும். டியூட்டி பார்க்கிற நண்பர்களுக்கு பஜ்ஜி உங்க செலவு!

2. எர்த்துன்னு ஒருத்தர் இருக்கார்

பிளஸ் வயரை எல்லாரும் பார்ப்பாங்க. மைனஸை யாரும் மதிக்க மாட்டாங்க. காலையில் 'டுர்ர்... டுர்...'னு ஸ்டார்ட்டர் அழுதா உடனே "பேட்டரி போச்சு"ன்னு நாலாயிரத்துக்குப் பில் போட்டுடுவாங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷ டெஸ்ட் ஒண்ணு.

மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி மைனஸ் முனையிலும், சிவப்பை இன்ஜின் உலோகத்திலும் வையுங்க. இன்னொருத்தர் ஸ்டார்ட் அடிக்கட்டும். அந்த நேரத்தில் மீட்டர் 0.2 வோல்டுக்கு மேல காட்டினா எர்த் சரியில்லைன்னு அர்த்தம். எர்த் ஸ்ட்ராப்பைக் கழட்டி, முனையையும் அது உட்கார்ற இடத்தையும் உப்புத்தாள் போட்டுப் பளபளன்னு தேய்ச்சு, இறுக்கி மாட்டி, மேல கொஞ்சம் வாஸ்லின் தடவுங்க. செலவு, உப்புத்தாள் காசுதான். பேட்டரியில் கை வைக்கும்போது மைனஸை முதலில் கழட்டுங்க, கடைசியில் மாட்டுங்க. அப்போதான் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது.

3. கண்ணாடியும் வைப்பரும்

பழைய 800-கள் நிறைய, டிரைவர் பக்கம் மட்டும் சைடு மிரரோட வந்தவை. இடது பக்கம் மொட்டை! நம்ம ரோட்டில் இடது பக்கம்தானே ஸ்கூட்டியும் ஷேர் ஆட்டோவும் பூந்து வரும்? 300 ரூபாயில் ஒரு மிரர். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் போனா கலர் கலரா கிடைக்கும். அழகுக்கு வாங்காம, உங்க சீட்டில் உட்கார்ந்து அட்ஜஸ்ட் பண்ணிப் பார்த்து வாங்குங்க.

வைப்பர் பிளேடு ரப்பர் வெயிலில் காய்ஞ்சு முறுக்கிக்கும். மழையில் அது துடைக்காது, பூசும்! மழைக்காலம் தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு ஜோடி மாத்திடுங்க. கண்ணாடியில் தண்ணி அடிக்கிற நாசில் அடைச்சிருந்தா ஒரு குண்டூசி போதும்.

இப்போ ஈ.சி.ஈ. மக்களுக்கு ஒரு விருந்து. தூறல் மழையில் வைப்பர் ஓயாம அடிச்சா எரிச்சலா இருக்கும். விட்டு விட்டு அடிக்கிற வசதி உங்க வண்டியில் இல்லையா? நம்ம லேப் தோஸ்து 555 ஐ.சி. எதுக்கு இருக்கு? 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், சார்ஜ் ஆக 10 கிலோ ஓம், டிஸ்சார்ஜ் ஆக 100 கிலோ ஓம், அந்த 100 கிலோவுக்குக் குறுக்கே ஒரு டயோடு. 0.693 பெருக்கல் ஆர் பெருக்கல் சி போட்டா, சுமார் 0.7 விநாடி ஆன், சுமார் 7 விநாடி ஆஃப். அவுட்புட்டில் டிரான்சிஸ்டர், அதில் ரிலே, ரிலே காயிலுக்குக் குறுக்கே இன்னொரு டயோடு. அது இல்லேன்னா காயில் திருப்பி உதைக்கிற வோல்டேஜில் டிரான்சிஸ்டருக்குச் சங்குதான்! வைப்பர் மோட்டாருக்குள்ளேயே இருக்கிற பார்க்கிங் சுவிட்ச் மீதிச் சுத்தை முடிச்சு பிளேடை இடத்தில் கொண்டுபோய் விட்டுடும். 100 கிலோவுக்குப் பதிலா ஒரு பொட்டென்ஷியோமீட்டர் போட்டா இடைவெளியை நீங்களே திருகிக்கலாம். மொத்தம் 150 ரூபாய். மினி புராஜெக்ட் வைவாவில் "இதுக்கு என்னப்பா அப்ளிகேஷன்?"னு கேட்டா, சாரை மழையில் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்க!

4. நிக்கணும்ல?

நாலு டயரில் ஒவ்வொண்ணும் ரோட்டைத் தொடுறது ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அளவு இடத்தில்தான். உங்க குடும்பமே அந்த நாலு உள்ளங்கையில் போயிட்டிருக்கு. டயர் பக்கவாட்டில் நாலு இலக்க நம்பர் ஒண்ணு இருக்கும். 2319-னு இருந்தா 2019-ம் வருஷம் 23-வது வாரம் பிறந்த டயர். எங்க வீட்டு மாதிரி கொஞ்சமா ஓடுற வண்டிகளில் பட்டன் தேயவே தேயாது. ஆனால் ரப்பர் கிழடாகி, பக்கவாட்டில் பொடிப்பொடியா வெடிப்பு விட்டிருக்கும். "பட்டன் இருக்குப்பா" என்று பெரியவங்க சொல்வாங்க. பிறந்த தேதியைக் காட்டுங்க. ஆறு வயசு தாண்டிட்டா சந்தேகப்படுங்க. பள்ளத்துக்குள்ள குறுக்கே இருக்கிற குட்டி மேட்டுக்குச் சமமா பட்டன் தேய்ஞ்சிட்டா, ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். வயசு என்னவா இருந்தாலும் டயருக்கு ரிடையர்மென்ட்!

காத்து மட்டும் மாசம் ரெண்டு தடவை செக் பண்ணுங்க. பங்க்கில் பெரும்பாலும் இலவசம்தான். இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிக்காத சீப்பான அப்கிரேட் அது!

அடுத்து பிரேக் ஆயில். இது காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சுற திரவம். புது டாட்-3 ஆயில் கொதிக்க 205 டிகிரி செல்சியஸ் வேணும். ஈரம் ஏறினதுக்கு அளவுகோல் 140 டிகிரிதான். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது பிரேக் சூடாகி ஆயில் கொதிச்சா, குழாய்க்குள்ள ஆவிக்குமிழ் வரும். ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பெடல் புஸ்ஸுனு உள்ளே போகும், வண்டி நிக்காது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முழுசா மாத்தணும்.

கவனம்: இந்த லிஸ்டில் பிரேக் மட்டும் 'நீங்களே செய்யுங்க' கிடையாது. ஆயில் நிறம் பார்க்கிறது, அளவு பார்க்கிறது உங்க வேலை. மாத்தி, ஏர் எடுக்கிறது தெருமுனை மெக்கானிக் அண்ணன் வேலை. ஆயிலும் கூலியுமா எனக்கு 500 ரூபாய் ஆச்சு. பக்கத்தில் நின்னு பாருங்க, கேள்வி கேளுங்க. "அண்ணே, இது எதுக்குண்ணே?"னு கேட்டா எந்த மெக்கானிக்கும் சந்தோஷமா சொல்லித் தருவார். ஒரு டீ கூடுதல் செலவு.

5. தண்ணியும் சத்தமும்

பழைய காரைக் கொல்றது பெரும்பாலும் இன்ஜின் இல்லை, துரு! கதவோட அடி விளிம்பில் சின்னச் சின்ன ஓட்டை இருக்கும். கண்ணாடி வழியா இறங்குற மழைத்தண்ணி வெளியே போற வழி அது. மண்ணடைச்சா தண்ணி உள்ளேயே தங்கி, கதவு அடியிலிருந்து அரிச்சிடும். ஒரு கம்பியால் குத்திவிடுங்க. செலவு பூஜ்யம், லாபம் ஒரு கதவு!

அப்புறம் மிதியடியைத் தூக்கி, கால் வைக்கிற தகரத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்க. ஈரம் இருந்தா கார்ப்பெட்டை வெளியே எடுத்து ஒரு நாள் முழுக்க வெயில்ல போடுங்க. தகரம் மெத்துன்னு உள்ளே போனா, ஸ்டீரியோ கனவை மடிச்சு வெச்சிட்டு முதலில் டிங்கர் பட்டறைக்கு விடுங்க.

கதவு ஓரத்து ரப்பர் பீடிங் பழசானா காத்து, தூசி, தண்ணி மூணும் உள்ளே வரும். நாலு கதவுக்கும் புது பீடிங் போட்டதுக்கு 900 ரூபாய். கதவைச் சாத்தினா 'டங்'னு தகரச் சத்தம் போய் 'டப்'புன்னு ஒரு சத்தம். பாட்டி கவனிச்ச ஒரே அப்கிரேட் இதுதான். "கதவு இப்பத்தான்டா ஒழுங்கா சாத்துது."

6. பின் சீட் பெல்ட்

நம்ம நாட்டில் பின் சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம்னு ஆனது 2002-ல். அதுக்கு முந்தின வண்டிகளில் பெரும்பாலும் பின்னாடி பெல்ட்டே இருக்காது. பாடியில் பெல்ட்டுக்கான உறுதியான போல்ட் இடம் இருக்கான்னு விஷயம் தெரிஞ்ச மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்க. இருந்தா மாட்டுங்க. இல்லேன்னா வெறும் தகரத்தில் ஓட்டை போட்டு மாட்டாதீங்க. அடிபடுற அந்த விநாடியில் பெல்ட் தகரத்தோட பிய்ச்சுக்கிட்டு வந்துடும். எங்க வண்டியில் பாட்டி இப்போ முன் சீட்டுக்கு மாறிட்டாங்க, பெல்ட்டோட. ஜன்னல் காத்து அங்கேதான் நல்லா வருதாம்!

இதெல்லாம் வேண்டாமே, ப்ளீஸ்...

100 வாட் பல்ப்: 100 வாட்னா எட்டு ஆம்பியருக்கு மேல. பழைய வயரும் ஹோல்டரும் அந்தச் சூட்டில் உருகும்.

ஹாலோஜன் லைட்டுக்குள்ள மலிவு எல்.இ.டி.: அந்த ரிஃப்ளெக்டர், ஃபிலமென்ட் இருக்கிற புள்ளிக்காக வடிவமைச்சது. வெளிச்சம் வேற இடத்திலிருந்து பிறந்தா கண்டபடி சிதறும். உங்களுக்கு ரோடு பளிச்சுனு இருக்கிற மாதிரி தோணும். எதிரே பைக்கில் வர்றவருக்கு ரெண்டு விநாடி கண்ணே தெரியாது. அந்த பைக்கில் வர்றது நம்ம கிளாஸ்மேட்டா கூட இருக்கலாம்.

ஃபியூஸுக்குப் பதில் சிகரெட் பேப்பர்: ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னா அது உங்ககிட்ட ஏதோ சொல்ல வருது. வாயைக் கட்டினா வயர் பேசும், நெருப்பில்!

ஆம்ப்ளிஃபயர்: 400 வாட் நிஜமாவே இழுக்கிற ஆம்ப்னா 33 ஆம்பியர். குட்டி ஆல்டர்னேட்டர் தாங்காது. பாட்டு ஏற ஏற ஹெட்லைட் இறங்கும்.

பெரிய வீல்: 800-க்கு உரிய 145/70 ஆர்12 டயரின் விட்டம் சுமார் 508 மில்லிமீட்டர். அதில் 155/80 ஆர்13 மாட்டினா 578. கிட்டத்தட்ட 14 சதவீதம் பெருசு. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நிஜத்தில் 68-ல் போயிட்டிருப்பீங்க. திரும்பும்போது மட்கார்டில் உரசுறது தனிக் கச்சேரி.

ஏர் ஹாரன், மியூசிக்கல் ஹாரன்: மத்திய மோட்டார் வாகன விதி 119 பல ராக ஹாரனுக்குத் தடை போட்டிருக்கு. ரூம்மேட்டுக்கு இதைப் படிச்சுக் காட்டிட்டேன். சாப்பிட்டுக்கிட்டே இருந்தான்.

பாடியை வெட்டி ஒட்டுறது: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் இருக்கிற கம்பெனி விவரத்திலிருந்து வண்டி மாறக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி பண்ணிடுச்சு. எஃப்.சி.க்குப் போற பழைய வண்டியில் வீரம் காட்டினா, அஞ்சு வருஷப் புதுப்பிப்பே சிக்கலாகும்.

பில் எவ்வளவு?

எங்க ஊர்க் கடைகளில் எனக்கு ஆன கணக்கு: மல்ட்டிமீட்டர் 350, ரிலே கிட் 650, பல்ப் ஜோடி 400, எர்த் ஸ்ட்ராப், வயர், உப்புத்தாள் 200, மிரர் 300, வைப்பர் பிளேடு 350, 555 சாமான் 150, பிரேக் ஆயில் கூலியோட 500, பீடிங் 900. மொத்தம் 3,800 ரூபாய். உங்க ஊரில் நூறு இருநூறு முன்னப்பின்ன இருக்கும். டயர் இதில் சேராது. அதுக்குத் தனியா ஒரு உண்டியல் வையுங்க. சென்னைக்காரங்க மிரர், கைப்பிடி, கிளிப் மாதிரி சாமான்களுக்குப் புதுப்பேட்டையில் அலசலாம். ஆனால் பிரேக், டயர், பெல்ட் மூணையும் பழசில் வாங்காதீங்க, எவ்வளவு சல்லிசா கொடுத்தாலும்!

"வயரை எல்லாம் நோண்டி வெச்சிடாதடா" என்று முதல் நாள் மிரட்டின எங்கப்பா, லைட் போட்ட மறுவாரம் திருச்சியிலிருந்து வந்து சாவியை ஆணியில் மாட்டிட்டு, "இன்னிக்கு குணசீலத்துக்கிட்ட ஒரு மாடு நடு ரோட்டில் படுத்திருந்துச்சு. தூரத்துலயே தெரிஞ்சுது" என்றார். அவ்வளவுதான். சாப்பிடப் போயிட்டார். எனக்கு அந்த செமஸ்டரில் கிடைச்ச பெரிய மார்க் அதுதான்!

காசே இல்லையா? பரவாயில்லை பாஸ். வர்ற ஞாயித்துக்கிழமை மூணு வேலை மட்டும் பண்ணுங்க. ஒண்ணு, நாலு டயரோட பிறந்த தேதியையும் ஒரு பேப்பரில் எழுதுங்க. ஸ்டெப்னியை மறக்காதீங்க, அதுதான் வீட்டிலேயே வயசான ஆளா இருக்கும். ரெண்டு, கதவடி ஓட்டைகளைக் குத்திவிடுங்க. மூணு, இருட்டினதும் வண்டியைச் சுவருக்கு நேரா நிறுத்தி ரெண்டு லைட்டும் ஒரே உயரத்தில் விழுதான்னு பாருங்க. பார்த்ததை வீட்ல வண்டி ஓட்டுறவங்ககிட்ட சொல்லுங்க. பேச்சு அங்கிருந்து தானா ஆரம்பிக்கும்.

அடுத்த வாரம்: கார்புரேட்டரைக் கழட்டி மாட்டின பிறகு மிச்சமாகிற அந்த ஒரு ஸ்க்ரூ எங்கிருந்து வருது? அதுவரைக்கும், கையில கிரீஸ்... மனசுல பீஸ்!